நெடியோர் நிழலில்

மனித இனத்தின் நினைவில் நெடிய உருவங்களுக்கு என்றும் ஒரு தனி இடம் உண்டு. குழந்தைக்குச் சோறூட்டும் தாய் சொல்லும் கதையிலும், கோயில் மண்டபத்தில் சிற்பி செதுக்கிய வடிவத்திலும், திருவிவிலியத்தின் ஏடுகளிலும் அவர்களைக் காண்கிறோம். இத்தகையோர் உண்மையில் வாழ்ந்தனரா என்று கேட்பது எளிது; இல்லை என்று விடை கூறி நகர்ந்துவிடுவது அதனினும் எளிது. ஆனால் யாரை நாம் நெடியவராகக் கண்டோம், ஏன் அவ்வாறு கண்டோம் என்று கேட்கும்போதுதான் வரலாறு வாய் திறக்கிறது. அக்கேள்வியை எழுப்புவதற்குத் தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகரையும் விட்டு வேறிடம் தேட வேண்டியதில்லை.

குன்றுகள் தாங்கிய வடிவங்கள்

பரங்கிமலையில் தொடங்கித் திரிசூலம், பல்லாவரம், திருநீர்மலை, வண்டலூர் எனத் தெற்கே சிதறிக் கிடக்கும் குன்றுகளை மின்தொடர் வண்டியில் செல்வோர் நாள்தோறும் காண்கின்றனர். இவற்றுள் திருநீர்மலைக்கு ஒரு சிறப்பு உண்டு. நின்றும், இருந்தும், கிடந்தும், நடந்தும் திருமால் காட்சி தரும் தலம் என்று வைணவர் அதனைப் போற்றுவர். அந்நான்கனுள் 'நடந்த' கோலமே உலகளந்த வடிவம். குறளனாய் வந்து மூன்றடி மண் கேட்டவர், ஓரடியால் மண்ணையும் மற்றோரடியால் விண்ணையும் அளந்து நின்ற கதையை அறியாத தமிழர் அரியர். திருமாலை 'நெடியோன்' என்றழைப்பது தமிழின் தொன்மையான வழக்கம்.

இவ்வடிவத்தின்பால் தொண்டை நாட்டுச் சிற்பிகளுக்கு நீங்காத ஈடுபாடு இருந்தது. மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் கி.பி. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி ஒருவன் அதனைப் பாறையில் செதுக்கியுள்ளான். காஞ்சிபுரத்து உலகளந்த பெருமாளின் உருவமோ முப்பது அடிக்கும் மேலாக ஓங்கி நிற்கிறது. நம் காலத்திலும் அம்மரபு ஓயவில்லை. 1995-இல் குடமுழுக்குக் கண்ட நங்கநல்லூர் ஆஞ்சநேயரின் உருவம் ஒரே கல்லில் அமைந்தது. உயரம் 32 அடி.

சமய நம்பிக்கையில் உயரம் என்பது உடலின் அளவன்று. எல்லையற்றதைச் சொல்ல மனிதன் கண்ட அடையாளம். குறளனே நெடியோன் ஆகிறான் என்பதிலேயே அப்பொருள் அடங்கியிருக்கிறது. ஆதலின் அவ்வடிவங்களை அளவுகோல் கொண்டு நாம் அணுக வேண்டுவதில்லை. இங்கே நாம் நோக்கப்போவது, இம்மண்ணில் நடந்து, உண்டு, உறங்கி, மடிந்தவர் என்று மக்கள் நம்பிய நெடியோரை.

பாண்டவர் பெயரால்

இதே குன்றுகளின் அடிவாரங்களில் மற்றொரு வகைச் சின்னங்கள் உள்ளன. வட்டமாக நடப்பட்ட பாறைகள், குவித்து வைக்கப்பட்ட கற்கள், பலகைக் கற்களால் எழுப்பிய அறைகள், மண்ணுக்குள் புதைந்த தாழிகள், கால்கள் பொருத்திய சுடுமண் பேழைகள் ஆகியவற்றைப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் என்று தொல்லியலார் வழங்குவர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லாவரத்துக் குன்றொன்றில் அலெக்சாந்தர் ரீ என்னும் ஆய்வாளர் சுடுமண் ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். நன்மங்கலம், குன்றத்தூர், சிறுதாவூர் எனச் செங்கற்பட்டு வரையிலும் அதற்கப்பாலும் இச்சின்னங்கள் பரவியுள்ளன. 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின் அருகிலும் பாதுகாக்கப்பட்ட பெருங்கற்காலப் புதைவிடம் ஒன்று உண்டு.

இக்கற்களை நட்டவர் யார் என்னும் நினைவு மக்களிடம் அற்றுப்போயிற்று. ஆனால் கற்கள் கண்முன்னே நின்றன. பத்துப் பேர் சேர்ந்தாலும் அசையாத பாறையை யாரோ தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள் என்பது கண்கூடு. நம்மைப் போன்றவர்களால் அது இயலாது எனில், செய்தவர் நம்மைப் போன்றவர் அல்லர். இந்த எளிய தருக்கத்திலிருந்தே நெடியோர் பிறந்தனர். வனவாசத்தில் பாண்டவர் இங்கே தங்கினர்; அவருள் பீமன் கல்லைத் தூக்கினான் என்று ஊர்தோறும் கதை எழுந்தது. 'பாண்டவர் குழி' என்றும் 'பாண்டு குழி' என்றும் இச்சின்னங்களுக்குப் பெயர் வந்தது. மலபாரில் 1819-இல் இவற்றை ஆராய்ந்த பேபிங்டன் என்னும் ஆங்கிலேயர், 1823-இல் வெளியான தம் கட்டுரைக்கு மக்கள் வழங்கிய அப்பெயரையே தலைப்பாக்கினார்.

ஈமச்சின்னங்களோடு இவ்வழக்கம் நிற்கவில்லை. மாமல்லபுரத்தில் பல்லவர் குடைந்த ஒற்றைக்கல் கோயில்களுக்கும் பாண்டவருக்கும் தொடர்பில்லை; எனினும் அவை பஞ்சபாண்டவர் இரதங்களாயின; அவற்றுள் நீண்டது பீமனுக்கு உரியதாயிற்று. மதுரையைச் சூழ்ந்த மலைகளில் சமண முனிவர் தங்கிய குகைத்தளங்களில் வழவழப்பாக்கிய கற்படுக்கைகள் உள்ளன. அவற்றின் அருகே பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டுகளும் உள்ளன. ஆயினும் மக்கள் நாவில் அவை 'பஞ்சபாண்டவர் படுக்கை'. அப்படுக்கையில் இன்று நாம் படுத்தாலும் அது நம் உடலுக்குச் சரியாகவே பொருந்தும் என்பதுதான் வியப்பு. கல் உண்மையைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. கதையின் ஒலியில் அது நம் செவிக்கு எட்டவில்லை.

ஈமக்குழிகளைத் திறந்தபோதும் அதுவே நிகழ்ந்தது. பேருருவினரின் எலும்புகள் அங்கே இல்லை. நம்மைப் போன்ற மனிதரின் எலும்புகளும், கறுப்பும் சிவப்புமான மட்கலங்களும், இரும்புக் கத்திகளும் அம்புமுனைகளும், சில இடங்களில் கழுத்திலிட்ட மணிகளுமே கிடைத்தன. பல குழிகளில் முழு உடல்கூட இல்லை. இறந்தவரை வேறிடத்தில் கிடத்தி, பின்னர் எஞ்சிய எலும்புகளைத் திரட்டி வந்து அடக்கம் செய்யும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. ஒரு கூடையில் அடங்கும் எலும்புக்காக ஒரு பாறையையே பெயர்த்துக் கொணர்ந்திருக்கின்றனர்! கல்லின் அளவு இறந்தவரின் உடலளவைக் காட்டவில்லை. இருந்தவர்களின் அன்பின் அளவைக் காட்டியது.

அப்பாறையைத் தூக்கியது யார்? ஊரே கூடிக் கயிறு கட்டி இழுத்திருக்க வேண்டும். நெம்புகோலிட்டு நகர்த்தியிருக்க வேண்டும். நூறு தோள்கள் ஒரு கல்லின் கீழ் ஒன்றுபட்டன. பின்வந்தோர் அந்த நூறு பேரை மறந்து, ஒரே ஒரு பீமனை நினைவில் வைத்துக்கொண்டனர். நெடியோன் இருந்தான் என்பது ஒருவகையில் உண்மையே. ஆனால் அவன் ஒருவன் அல்லன், ஓர் ஊர்.

இப்பகுதியின் தொன்மை அதனினும் ஆழமானது. 1863 மே 30-ஆம் நாள், நிலவியல் ஆய்வாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துச் செம்மண் சரளையிலிருந்து ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அக்கல்லிலிருந்தே தொடங்குகிறது. அவ்வாண்டே வில்லியம் கிங் என்பாருடன் அவர் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தின் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் வரலாற்றை இத்தனை நீளமாக்கிய சான்று பேருருவினரின் எலும்பு அன்று. கையில் ஏந்திப் பயன்படுத்தும் ஒரு கல்.

கிளிஞ்சல் தின்ற பூதம்

மறந்துபோன முன்னோரைப் பூதமாக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. கிழக்கே சப்பான் நாட்டில் 'தைதராபோச்சி' என்னும் பேருருவின் கதைகள் பரவலாக வழங்குகின்றன. அவன் மண் சுமந்து கொட்டிய இடம் மலையாயிற்று. கால் பதித்த இடம் ஏரியாயிற்று என்பர். தோக்கியோ மாநகரில் 'தைதா' என்னும் பகுதியின் பெயரையே அவன் அடிச்சுவட்டோடு இணைத்துக் கூறும் மரபு உண்டு. அந்நாட்டு நாட்டாரியல் அறிஞர் யானகிதா குனியோ 1927-இல் இவ்வடிச்சுவடுகளைப் பற்றியே ஒரு கட்டுரை வரைந்தார்.

எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'ஹிதாச்சி ஃபுடோகி' என்னும் நூலில் இதன் பழைய வடிவம் ஒன்று காணப்படுகிறது. ஓகுஷி என்னுமிடத்தில் பேருருவன் ஒருவன் குன்றின்மேல் அமர்ந்தபடியே கடலுக்குக் கை நீட்டிச் சிப்பிகளை அள்ளித் தின்றானாம். அவன் எறிந்த ஓடுகளே குவியலாயினவாம். கடலிலிருந்து விலகிய மேட்டில் அத்தனை சிப்பி ஓடுகள் கிடந்ததற்கு அக்காலத்தவர் கண்ட விளக்கம் அது.

அக்குவியல் இன்றும் உள்ளது. ஆய்ந்தோர் அதனைப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஜோமோன் கால மக்களின் உணவுக் கழிவு என்று அறிந்தனர். அக்காலத்தில் கடல் இன்றையினும் உள்ளே தள்ளி வந்திருந்தது. மேட்டில் இருந்தோருக்குச் சிப்பி அருகிலேயே கிடைத்தது. ஜோமோன் ஆடவரின் சராசரி உயரமோ ஏறத்தாழ 158 சென்டிமீட்டர். அதாவது ஐந்தே கால் அடிக்கும் சற்றுக் குறைவு. தலைமுறை தலைமுறையாகக் கரைக்குச் சென்று கூடை சுமந்து வந்த அச்சிறிய மக்களே, நினைவு அறுந்தபின் கடலுக்கு எட்டும் கையுடைய பூதம் ஆயினர். பல்லாவரத்துக்கும் ஓகுஷிக்கும் இடையே கடல்கள் இருக்கலாம். மறதி இயங்கும் முறை ஒன்றே.

அளவுகோலின் முன்

அளத்தல் என்னும் கலைக்கும் நம் புறநகருக்கும் பழைய உறவு உண்டு. 1802-இல் வில்லியம் லாம்டன், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியிட்டு அளந்தார். இந்தியப் பெரும் முக்கோண அளவை அக்கோட்டின்மேல் எழுந்தது. பின்னாளில் இமயத்துச் சிகரங்களின் உயரம் கண்டறியப்பட்டதும் அவ்வளவையின் வழியே. அளந்தபோது மலைகள் தம் உண்மை உயரத்தைக் காட்டின. மனிதரை அளந்தபோது என்ன நேர்ந்தது?

கோலியாத்தை எடுத்துக்கொள்வோம். சாமுவேல் முதல் நூலின் எபிரேய பாடம் அவன் உயரத்தை ஆறு முழம் ஒரு சாண் என்கிறது. இன்றைய கணக்கில் அது ஒன்பதரை அடி. ஆனால் எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பும், கும்ரான் குகையில் கிடைத்த சாக்கடல் சுருளும் நான்கு முழம் ஒரு சாண் என்கின்றன. அதாவது ஏறத்தாழ ஆறே முக்கால் அடி. அக்காலத்து இஸ்ரயேலருள் அவன் மிக நெடியவனே; எனினும் மனித எல்லைக்குள் நிற்பவன். கதை கைமாறும்போது கோலியாத்து வளர்ந்திருக்கிறான் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

எண்ணிக்கை நூலின் 13-ஆம் அதிகாரம் இதற்கு ஓர் உளவியல் விளக்கமே தருகிறது. கானான் நாட்டை உளவு பார்க்கச் சென்றோர் திரும்பி வந்து, அங்குள்ளோர் பேருருவினர் என்றும், அவர்முன் தாங்கள் வெட்டுக்கிளிகள் போல் தோன்றியதாகவும் கூறுகின்றனர். முதலில் தங்கள் கண்ணுக்கே தாங்கள் சிறியவராயினர். அதன்பின்தான் எதிரியின் கண்ணுக்கும் அவ்வாறே தோன்றியதாகக் கூறுகின்றனர். நெடியோரைப் படைக்கும் பட்டறை அச்சம் என்பதை இதனினும் தெளிவாக யார் கூறுவர்?

அறிவுடையோரும் இதற்கு விலக்கல்லர். புனித அகுஸ்தீனார் தம் 'கடவுளின் நகர்' நூலில், ஊத்திக்கா நகர்க் கடற்கரையில் தாம் கண்ட ஒரு கடைவாய்ப்பல்லைக் குறிப்பிடுகிறார். நம் பற்கள் நூறு செய்யும் அளவுக்கு அது பெரிதாக இருந்ததாம். பழங்காலப் பேருருவினர் ஒருவருடையது என்று அவர் கருதினார். யானையினத்தைச் சேர்ந்த தொல்விலங்கின் பல்லாக அது இருந்திருக்கலாம் என்பது இன்றைய அறிஞர் கருத்து. வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்தில் 15-ஆம் நூற்றாண்டில் கிடைத்த மாபெரும் எலும்பும், மாமூத்து என்னும் மறைந்த யானையினத்தின் எலும்பே.

உண்மையில் நெடியோர்

கற்களும் எலும்புகளும் கதைகளாயின. அதனால் யாருக்கும் பெருந்துன்பம் இல்லை. ஆனால் அக்கதைகளின் சுமை உயிருள்ள மனிதர்மேல் இறங்கியபோது நேர்ந்ததையும் நாம் நோக்க வேண்டும்.

மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் அமைந்துள்ளது பிட்யூட்டரி சுரப்பி. அங்கே தோன்றும் கட்டி ஒன்று வளர்ச்சி இயக்குநீரை மிகையாகச் சுரக்கச் செய்யக்கூடும். எலும்பு முனைகளின் வளர்ச்சிப் பகுதி மூடிக்கொள்வதற்கு முன், அதாவது இளம்பருவத்தில், இது நேர்ந்தால் உடல் நெடுநெடுவென வளரும். அதன்பின் நேர்ந்தால் கைகால்களும் தாடையும் பருக்கும். கட்டி பெரிதானால் அருகிலுள்ள பார்வை நரம்புகளை அழுத்தும்; மூட்டுகள் தேயும்; இதயம் தளரும். வலிமையின் சின்னமாக உலகம் காணும் அவ்வுடல், உள்ளே நோயோடு போராடிக்கொண்டிருக்கும். கோலியாத்தே இந்நோய்க்கு ஆளானவனாக இருக்கலாம் என்று மருத்துவர் சிலர் எழுதியுள்ளனர். அவனுக்கு முன்னே கேடயம் சுமப்பவன் ஒருவன் நடந்து வந்ததையும், தாவீது ஏந்தியது ஒரு கோலாக இருக்க அவன் 'கோல்கள்' என்று பன்மையில் கூறியதையும் பார்வைக் குறைவின் அடையாளங்களாக அவர்கள் சுட்டுவர். உறுதியாகக் கூற இயலாது. ஆயினும் அப்பழைய போர்க்களத்தைப் புதிய கண்ணோடு காணச் செய்கிறது அக்கருத்து.

அயர்லாந்தில் 1761-இல் பிறந்த சார்லஸ் பெர்ன், ஏழே முக்கால் அடிக்குச் சற்றே குறைந்த உயரத்தினர். 1782-இல் இலண்டன் சென்று, கட்டணம் செலுத்தி மக்கள் காணும் காட்சிப்பொருளானார். மறு ஆண்டே, 22 வயதில் இறந்தார். தம் உடல் உடற்கூற்று ஆய்வாளர் கையில் சிக்காதிருக்கக் கடலில் அடக்கம் செய்யுமாறு அவர் வேண்டியிருந்தார். ஆனால் ஜான் ஹன்ட்டர் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் பணம் கொடுத்து உடலைப் பெற்றுக்கொண்டார். அவ்வெலும்புக்கூடு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஹன்ட்டர் பெயரிலமைந்த அருங்காட்சியகத்தில் நின்றது. அறிவியல் அதனால் பயன் பெற்றது என்பதையும் மறுப்பதற்கில்லை. 1909-இல் ஹார்வி குஷிங் மண்டையோட்டை ஆய்ந்து பிட்யூட்டரி சுரப்பியின் குழி விரிந்திருந்ததைக் கண்டார். 2011-இல் பல்லிலிருந்து எடுத்த மரபுப் பொருள், வட அயர்லாந்தில் இன்று வாழும் நோயாளர் சிலரோடு அவருக்குள்ள மரபுறவைக் காட்டியது. ஆயினும் ஒரு மனிதனின் இறுதி வேண்டுகோள் மீறப்பட்டது என்பது மாறவில்லை. 2023-இல் அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டபோது அவ்வெலும்புக்கூடு காட்சியிலிருந்து நீக்கப்பட்டது. ஆய்வுக்காக அது இன்னும் காக்கப்படுகிறது. கடல் அவரைப் பெறவில்லை.

மருத்துவப் பதிவேடுகளின்படி மனித இனத்தின் மிக நெடியவர் அமெரிக்கரான இராபர்ட் வாட்லோ, 1918-இல் பிறந்தவர், உயரம் 272 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒன்பது அடி. கால்களில் உணர்வு குன்றியிருந்ததால் தாங்குகருவி அணிந்தே அவர் நடந்தார். 1940-இல் அக்கருவி உராய்ந்து கணுக்காலில் எழுந்த கொப்புளத்தைத் தக்க நேரத்தில் அவரால் உணர முடியவில்லை. புண் நச்சேறி அவர் உயிரைக் கவர்ந்தது. அப்போது அவருக்கும் வயது 22. கல்லறையை யாரும் தோண்டிவிடக்கூடாதென்று குடும்பத்தார் கற்காரையால் மூடச் செய்தனர். பெர்னுக்கு நேர்ந்தது தம் பிள்ளைக்கு நேரக்கூடாது என்னும் பெற்றோரின் கவலையை அதில் காண்கிறோம்.

நம் நாட்டிலும், எட்டடிக்கு மேற்பட்டவர் எனப் பேசப்பட்ட அரியானா இளைஞர் விகாஸ் உப்பல், மூளைக்கட்டிக்கான அறுவை மருத்துவத்தின்போது 2007-இல் 21 வயதில் இறந்தார். மூவரும் இருபதுகளின் வாயிலைத் தாண்டுவதற்குள் மறைந்தவர்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

ஆறுதல் தரும் செய்தியும் உண்டு. 251 சென்டிமீட்டர் உயரமுள்ள துருக்கியரான சுல்தான் கோசனுக்கு 2010-இல் அமெரிக்காவில் அளிக்கப்பட்ட சிகிச்சையால் அவரது மிகை வளர்ச்சி நின்றது. மூக்கின் வழியே கட்டியை அகற்றும் அறுவையும், சுரப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகளும் இன்று உள்ளன. வகுப்பிலுள்ள எல்லாரையும் விட மிக விரைவாக ஒரு பிள்ளை வளர்ந்து, தலைவலியும் பார்வைக் குறைவும் உடன் சேருமாயின், வியந்து நிற்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அறிவுடைமை.

குனிந்து நோக்குவோம்

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்வண்டியில் வாயிலுக்குத் தலை குனிந்து ஏறும் நெடிய இளைஞர்கள் இன்றும் உண்டு. அவருள் பெரும்பாலோர் நலமுடையோர். பெற்றோரின் உயரத்தைப் பெற்றவர்கள். எனினும் 'பனைமரம்' என்றும் 'ஏணி' என்றும் 'கொடிக்கம்பம்' என்றும் அவர்களுக்கு நாம் பெயரிடுகிறோம். மேலே காற்று எப்படி என்று கேட்டுச் சிரிக்கிறோம். அவர் பெயர் என்ன, எங்கே இறங்குகிறார் என்று கேட்பதில்லை. கற்களை நட்ட ஊரை மறந்து பீமனை மட்டும் கண்ட அதே கண்தான் இங்கும் பார்க்கிறது. உயரத்தைக் கண்டதும் மனிதன் அதன் நிழலில் மறைந்துவிடுகிறான்.

திருச்சபையின் மரபில் ஒரு நெடியவர் உண்டு. புனித கிறிஸ்தோபர் பன்னிரண்டு முழ உயரத்தினர் என்று இடைக்காலத் தொகுப்பாகிய 'பொற்புராணம்' கூறுகிறது. அவ்வளவை நாம் நம்ப வேண்டுவதில்லை. ஆனால் அவர் தம் உயரத்தை என்ன செய்தார் என்று அக்கதை சொல்வதைக் கேட்கலாம். பாலமில்லாத ஆற்றங்கரையில் தங்கி, கடக்க இயலாதோரைத் தோளில் ஏற்றி அக்கரை சேர்த்தார். ஒருநாள் அவர் தோளில் ஏறிய குழந்தை உலகினும் கனமாயிருந்தது. தூக்குவதற்கு அவர் முதலில் குனிய வேண்டியிருந்தது.

ஈமக்கல்லின் கீழ் குனிந்த அந்த நூறு பேருக்கும் அவருக்கும் உறவு உண்டு. அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்கள் நட்ட கற்களோ கல்லுடைப்போருக்கும் வீட்டுமனைகளுக்கும் இடையே நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. கிளாம்பாக்கத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது, அருகில் துயிலும் அம்மக்களை ஒரு கணம் எண்ணுவோம். அவர்கள் பூதங்கள் அல்லர். நம் உயரமே உடையவர்கள். தம் இறந்தோரை மறவாதவர்கள். அவர்களை நாமும் மறவாதிருப்போமாக.